கொம்பனை வீழ்த்தியது யார்?



ஒரு நாட்டிற்கு இடுக்கண் வருகின்றது. கொடியவன் ஒருவன் அரியணையைப் பறித்துக் கொள்கின்றான். அல்லது மந்திரக்காரன் ஒருவன் இருளைப் பரப்புகின்றான். அல்லது வேற்றுலகத்தார் படையொன்று வானிலிருந்து இறங்குகின்றது. மக்கள் கைபிசைந்து நிற்கின்றனர். அவ்வேளையில், பிறவியிலேயே பேராற்றல் வாய்த்த ஒருவன் தோன்றுகின்றான். பறக்கின்றான், மறைகின்றான், மலையைப் பெயர்க்கின்றான். நாடு பிழைத்துக் கொள்கின்றது. மக்கள் கைதட்டிவிட்டு வீடு திரும்புகின்றனர்.

நம் பிள்ளைகள் படக்கதையில் படிப்பதும், தொலைக்காட்சியில் காண்பதும், கைப்பேசியில் விளையாடுவதும் பெரும்பாலும் இந்த ஒரே கதையைத்தான். பெயர் மாறும், உடை மாறும், கதை மாறாது. சமயபுரத்தில் பூச்சொரிதல் தொடங்கிச் சித்திரைத் தேர் நிலைக்கு வரும்வரை கடைத்தெருவில் தொங்கும் முகமூடிகளைப் பாருங்கள். ஒருபுறம் இசுபைடர்மேன், மறுபுறம் இலட்டு தின்று வலிமை பெறும் சோட்டா பீம். மாரியம்மனை வழிபட நடந்தே வந்த உழவன், தன் மகனுக்கு வாங்கிக் கொடுத்துத் தோளில் ஏற்றிச் செல்வது அமெரிக்கன் ஒருவனின் முகத்தை!

"இதிலென்ன கேடு? பிள்ளைகள் மகிழ்கின்றனர், தமிழாசிரியர் ஏன் குறுக்கே நிற்கின்றீர்?" என்று கேட்பார் உளர். வியப்புக் கதைக்கு யான் பகைவன் அல்லேன். பூதமும் பேசும் பறவையும் இல்லாமல் வளர்ந்த குழந்தை பாதி வளர்ந்த குழந்தை. நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அத்தலைவனுக்கு அவ்வாற்றல் எங்கிருந்து வந்தது? அவன் அருகில் நிற்பவனுக்கு அஃது ஏன் வரவில்லை? இவ்விரண்டு கேள்வியையும் எந்தக் கதையிடமாவது கேட்டுப் பாருங்கள். அதன் முகமூடி கழன்று விழும்.

முதலில் மேலைநாட்டுச் சரக்கு. 1936-இல் லீ பால்க்கு என்னும் அமெரிக்கர் படைத்த முகமூடித் தலைவன் ஒருவன், தமிழில் வேதாளர் என்றும் மாயாவி என்றும் பெயர் பூண்டு இரண்டு தலைமுறைப் பிள்ளைகளை ஆட்கொண்டான். அவன் யார்? காட்டுக்குள் கரிய நிறத்துப் பழங்குடி மக்கள் நடுவே மண்டையோட்டு அரியணையில் அமர்ந்திருக்கும் வெள்ளைக்காரன். அவன் தந்தையும் அவ்வாறே அமர்ந்திருந்தான், பாட்டனும் அவ்வாறே, இவன் அவ்வழியில் இருபத்தொன்றாமவன். இருபத்தொரு தலைமுறையாக அக்காட்டு மக்களுள் ஒருவனுக்குக்கூடத் தன் மண்ணைத் தானே காக்கும் அறிவு வரவில்லையாம்! வெள்ளையன் 1947-இல் கப்பலேறினான் என்று வரலாற்று வகுப்பில் கற்பிக்கின்றோம். மாலையில் அதே பிள்ளை படக்கதையைத் திறந்தால் வெள்ளையன் அங்கே அரியணையில் அமர்ந்திருக்கின்றான்.

1970-களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்சு 'இரும்புக்கை மாயாவி'யைக் கொணர்ந்தது. 1984-இல் இலயன் காமிக்சும் (அரிமா எனின் விற்காதோ?) இராணி காமிக்சும் வந்தன. இவற்றைப் படித்தே தமிழெழுத்துக் கூட்டக் கற்றோம் என்று சொல்லும் நாற்பது அகவையினர் பலரைக் கண்டிருக்கின்றேன். அந்நன்மையை மறுக்கவில்லை. இரும்புக்கை மாயாவியாவது ஆய்வகத்தில் வேலை செய்த ஓர் எளிய ஆள், மின்னதிர்ச்சியால் மறையும் ஆற்றல் பெற்றவன், குலப்பெருமை பேசாதவன். அவனை விட்டுவிடுவோம்.

அடுத்து, 1997-இல் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டு உலகையே சுற்றிய ஆரி பாட்டர். அதன் ஆசிரியை ரௌலிங் அம்மையார், குருதித் தூய்மை பேசுவோரைப் பகைவராகக் காட்டினார். அவ்வளவில் பாராட்டலாம். ஆயினும் அவருடைய கதையுலகில் மந்திர ஆற்றல் ஒருவனுக்குப் பிறவியில் இருக்க வேண்டும். இல்லாதவன் ஆயிரம் நூல் கற்றாலும் அவனுக்கு அது வாராது. பள்ளிக்கூடம் ஒன்றை நடுவில் வைத்து ஏழு தொகுதி எழுதியவர், கல்வியால் எவனும் அவ்வாற்றலைப் பெறலாம் என்று ஓரிடத்திலேனும் எழுதவில்லை. அப்பள்ளியில் சோறு சமைப்போர் யார்? பிறவி அடிமைகளாகிய குட்டை உருவினர். அவர்களுட் பெரும்பாலோர் விடுதலை தந்தாலும் வேண்டா என்று அழுபவர். இது நமக்குக் கேட்டுப் பழகிய செய்தியன்றோ? ஒருவன் பிறப்பால் உயர்ந்தோன். ஒருவன் பிறப்பால் ஏவலன். ஏவலனுக்கு அதில் மகிழ்ச்சி. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இதைத்தானே வருணம் என்ற பெயரால் நம் தலையில் ஏற்றினர்!

வெளிநாட்டானை விடுங்கள். 2015-இலும் 2017-இலும் தெலுங்கிலும் தமிழிலுமாக எடுத்து இந்தியா முழுவதும் ஓட்டிய 'பாகுபலி'யைப் பாருங்கள். மலையடிவாரத்தில் எளியோரிடம் வளர்ந்த பிள்ளை அருவிக்கு மேலே ஏறுகின்றான். எதனால் ஏற முடிந்தது? வளர்த்த தாயின் உழைப்பாலா, தன் விடாமுயற்சியாலா? இல்லை, உடம்பில் ஓடுவது அரசகுருதியாம்! அவனைக் கண்டவுடன் கிழவன் கட்டப்பா மண்டியிட்டு அவன் காலைத் தன் தலைமேல் வைத்துக் கொள்கின்றான். திரையரங்கமே ஆர்ப்பரித்தது. முன்னோர் செய்த சூளுரைக்காகத் தலைமுறை தலைமுறையாக அரியணைக்கு அடிமைப்பட்டவன் கட்டப்பா. அவ்வடிமைத்தனம் தவறென்று அப்படத்தில் எவரும் நின்று பேசவில்லை. அரியணையில் அமர்ந்தவன் நல்லவனா கெட்டவனா என்பது ஒன்றே கேள்வி. அவ்வேடத்தைப் புனைந்தவர், 2007-இல் பெரியாராகவே திரையில் தோன்றிய நடிகர் என்பதை எண்ணும்போது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவரை நோவதற்கில்லை, கதை அப்படி.

அதே படத்தில் இன்னொன்று. நாட்டைச் சூறையாட வரும் காலகேயர் என்னும் கூட்டத்தார் கரிபூசிய உடம்பினர். அவர்களுக்கென்றே 'கிளிக்கி' என்னும் புதுமொழி ஆக்கப்பட்டது. நூற்றுக்கணக்கான சொற்களும் அவற்றுக்கு இலக்கணமும் வகுத்தவர் நம் தமிழ்ப் பாடலாசிரியர் மதன் கார்க்கி. அவர் அறிவாற்றலை வியக்கின்றேன். ஆனால் என் வகுப்பில் அப்படம் வந்த ஆண்டில் கிளிக்கியில் எண்ணுப்பெயர் சொல்லிக் காட்டிய மாணவன், அடுத்த வரியில் தமிழில் 'எழுபத்தொன்பது' எழுதத் தெரியாமல் விழித்தான். இல்லாத மொழிக்கு இலக்கணம் செய்ய நம்மிடம் ஆள் உண்டு. கேட்கக் காதும் உண்டு. இருக்கின்ற மொழிக்கு?

இனி நம் வீட்டுக்கு வருவோம்.

ஏழாம் வகுப்பில் ஒருநாள், "உங்களுக்குத் தெரிந்த பேராற்றல் மிக்க தலைவர்களின் பெயர்களை எழுதுங்கள்" என்றேன். நாற்பது பிள்ளைகள் எழுதினர். பெயர்கள் பலகை நிறைந்தன. ஒன்றும் தமிழ்ப்பெயர் இல்லை. மணப்பாறைப் பக்கத்திலிருந்து வந்து உறவினர் வீட்டில் தங்கிப் படிக்கும் மாணவனைப் பார்த்து, "உன் ஊர்ப்பக்கம் பொன்னர் சங்கர் உண்டே, அவர்களை ஏனப்பா எழுதவில்லை?" என்று கேட்டேன். அவன் பாட்டி ஆண்டுதோறும் மாசியில் வீரப்பூர் செல்பவர். பையன் சற்றே எண்ணிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "அவங்களுக்கு என்ன பவர் ஐயா?"

பிள்ளையைச் சினந்து பயனில்லை. அவனுக்குச் சொன்னவர் யார்? சமயபுரத்திலிருந்து ஒரு காலைப்பொழுதில் சென்றடையும் தொலைவில், இதே திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில், வீரமலை அடிவாரத்தில் கிடக்கின்றது அக்கதை. அண்ணன்மார் கதை என்பது அதன் பெயர். கொங்கிலும் காவிரிக்கரையிலும் உடுக்கை அடித்து இரவிரவாகப் பாடிய பெருங்கதை. நெடுநாள் மகப்பேறின்றி வாடிய தாமரை என்பாள் தவங்கிடந்து பெற்றவர் பொன்னர், சங்கர் என்னும் இருவரும், அவர்தம் தங்கை அருக்காணித் தங்காளும். வளநாட்டை அழிக்கச் சூழ்ச்சிகள் எழுகின்றன. வேட்டுவர்க்குத் துணையாகக் கொம்பன் என்னும் மாப்பெரும் காட்டுப்பன்றி வயல்களை உழுது பாழாக்குகின்றது. அண்ணன்மார் அதை எதிர்த்துச் செல்கின்றனர். பதினாறாம் அகவையிலேயே, தம் காலம் முடிந்ததென்று அறிந்து, தம் வாளிலேயே விழுந்து மடிகின்றனர். கனவில் முன்னரே கண்டு கலங்கிய தங்காள் காடெல்லாம் தேடிச் சென்று, படுகளத்தில் கிடந்த அண்ணன்மாரைச் சிறிது பொழுதேனும் உயிர்ப்பித்து எழுப்புகின்றாள். இன்றும் படுகளம் என்னும் சடங்கில் ஆடவர் பிணம்போல் வீழ்வதும், தண்ணீர் தெளித்து எழுப்பப்படுவதும் காண்பார் கண்ணை நனைக்கும்.

பேராற்றல் உண்டு, நாட்டிற்கு இடுக்கண் உண்டு, மாய விலங்கு உண்டு, போர் உண்டு. ஆரி பாட்டருக்கு எதில் குறைவு? கவிஞர் சக்திக்கனல் இதனைப் பதிப்பித்தார். கலைஞர் கருணாநிதி 'பொன்னர் சங்கர்' என்று புதினமாக்கினார். 2011-இல் அது திரைப்படமாயிற்று. ஆனால் சிறுவர் கையில் கொடுத்துப் 'படி' என்று சொல்லத்தக்க நூல் எங்கே? கனடா நாட்டு பிரெண்டா பெக்கு என்னும் மாந்தவியல் அறிஞர் 1960-களில் கொங்கு நாட்டுச் சிற்றூரில் தங்கி, பாடகர் பாடக் கேட்டு ஒலிப்பதிவு செய்து, 1982-இல் அதைப்பற்றி ஆங்கில நூல் எழுதி, பின்னர் 26 பகுதிகளில் அசையும் படக்கதையாகவும் ஆக்கினார். கடல்கடந்து வந்த அம்மையார்க்கு இருந்த அக்கறை, வீரப்பூருக்குப் பேருந்தில் போய்வரும் நமக்கு இல்லை. வாழ்க அவர்!

ஈங்கு ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். "அயலான் கதையை விடு, நம் கதையை எடு" என்று முழங்கிவிட்டு அமர்வது எளிது. யான் அதைச் சொல்ல வரவில்லை. வேதாளரிடமும் கட்டப்பாவிடமும் கேட்ட அதே கேள்வியை அண்ணன்மாரிடமும் கேட்க வேண்டும். அவர்கள் பாண்டவரின் மறுபிறப்பென்று சில வடிவங்களில் ஒட்டுப் போடப்பட்டிருக்கின்றது. உழவர் குடியில் தோன்றிய இளைஞர்க்குப் பாரதத்திலிருந்து ஏன் உயிரைக் கடன் வாங்க வேண்டும்? தமிழன் தானே பெருமை பெறலாகாதா? வடவர் கதைக்கு வால்போல் தொங்கினால்தான் மதிப்பா? இன்னொன்று: வேட்டுவரும் தமிழரே. காடு அவர்களுக்குத் தாய்வீடு. உழவனின் வயலைக் காத்த கதை, வேட்டுவனுக்குக் காட்டை இழந்த கதையுமாகும். இதையும் பிள்ளைகளிடம் மறைக்கக் கூடாது.

மூன்றாவது, சாம்புவன். பறை முழக்கும் குடியிற் பிறந்தவன். அண்ணன்மாரின் நிழல்போல் உடன் சென்றவன். போரில் முன் நின்றவன். தலைவர் மாண்டபோது தானும் உயிர்விட்டவன். வீரப்பூரில் அவனுக்கும் வழிபாடு உண்டு. ஆயினும் கதை பாடுவோர் அவனை 'நன்றியுள்ள ஏவலன்' என்னும் ஒரே சொல்லில் அடைத்துவிடுவர். கட்டப்பாவுக்கு வருந்திய நாம் சாம்புவனுக்கு வருந்த வேண்டாவா? உடன்பிறந்தவர் மூவர் என்று பாடுகின்றோம். உடன் இறந்தவனை ஏன் நான்காமவனாக எண்ணவில்லை? சாதி என்னும் நஞ்சு நம் கதைக்குள்ளும் இறங்கியிருக்கின்றது. அதை வடித்தெடுக்காமல் பிள்ளைக்கு ஊட்டுவோமாயின், நாம் பாட்டரைக் குறைகூற உரிமையற்றவர்.

வடித்தெடுக்க முடியுமா என்று ஐயுறுவோர்க்குக் கொம்பன் வேட்டையை நினைவூட்டுகின்றேன். பெக்கு அம்மையார் பதிவு செய்த வடிவில், பன்றியை வேட்டையாடப் பெரிய பெரிய நாய்களையெல்லாம் ஓட்டிச் செல்கின்றனர். பொன்னாச்சி என்னும் சின்னஞ்சிறு பெட்டை நாயை மட்டும் ஒரு பொருட்டாக எண்ணாமல் விட்டுச் செல்கின்றனர். பெருநாய்கள் கொம்பனிடம் மடிகின்றன. கடைசியில், விட்டுச்சென்ற பொன்னாச்சியையே அழைக்க வேண்டியதாகின்றது. அச்சிறு நாய் ஓடிச்சென்று, கொம்பன் எதிர்பாராத இடத்தில் கவ்விப் பிடிக்க, அதன் பின்னரே சங்கரின் வேல் வெல்கின்றது. பாடகர் கூட்டத்திற்கு நடுவே நின்று இதைப் பாடியபோது, முன்வரிசையில் அமர்ந்திருந்த பண்ணையாரை விடப் பின்னால் நின்ற கூலியாள் உரக்கச் சிரித்திருப்பான் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. கதைக்குள்ளேயே அதன் மருந்தும் இருக்கின்றது; பார்க்கத்தான் ஆளில்லை. அந்த மணப்பாறைப் பையனுக்கு யான் பொன்னாச்சியின் கதையைத்தான் சொன்னேன். 'பவர்' என்ன என்று அவன் மறுபடியும் கேட்கவில்லை. "அந்த நாய்க்கு அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டான்.

பெண்மக்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பாகுபலியும் வேதாளரும் ஆண்கள், வாள் பிடித்தவர்கள். நம்மிடம் ஆயிரத்தைந்நூறு ஆண்டுக்குக் குறையாத பழைமையுடைய தலைவி ஒருத்தி இருக்கின்றாள். வானில் செல்வாள், வேற்றுருக் கொள்வாள், பசி தாங்குவாள். இம்மூன்று ஆற்றலோடு, அள்ள அள்ளக் குறையாத சோற்றுக் கலமும் அவள் கையில் இருந்தது. கணிகையர் குலத்திற் பிறந்து, அக்குலத்தொழிலை உதறி எழுந்தவள். புகார் நகரத்துச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றச் செய்தவள். மணிமேகலை! உலகில் வேறெந்த மொழியில் பேராற்றல் பெற்ற தலைவியின் படைக்கலம் சோற்றுப் பானையாக இருக்கின்றது? அக்கலமும் தானாக நிறைந்துவிடவில்லை. ஆதிரை என்னும் இல்லறப் பெண் ஒருத்தி முதற்பிடி சோறு இட்ட பின்னரே அது வற்றாத கலமாயிற்று. அதற்கு முன் அதைக் கையில் வைத்திருந்த ஆபுத்திரனோ, பெற்றவளால் கைவிடப்பட்டு, வேள்விக்குக் கட்டிவைத்த பசுவை விடுவித்ததற்காக அந்தணரால் துரத்தப்பட்டவன். முற்பிறப்புக் கொள்கை அந்நூலிலும் உண்டு. அதை யான் ஏற்கவில்லை. ஆயினும் பிறப்பால் தாழ்த்தப்பட்டோர் கையிலேயே அந்நூல் பேராற்றலைக் கொடுத்திருப்பதைக் கண்ணுள்ளோர் காண்பர். இந்நூலை நாம் பிள்ளைகளுக்கு எவ்வாறு கொடுக்கின்றோம்? ஐந்து மதிப்பெண் வினாவாக! ஆசிரியர் பெயர் என்ன, சமயம் என்ன, காதைகள் எத்தனை என்று மனப்பாடம் செய்வித்து, வானில் பறந்தவளை வினாத்தாளில் அறைந்து வைக்கின்றோம். பிள்ளை ஏன் இசுபைடர்மேனிடம் ஓடமாட்டான்?

இப்பொழுது நம் இயக்கத்தாரை நோக்கிச் சில சொற்கள். கசந்தாலும் கேளுங்கள். மறைமலையடிகள் 1916-இல் தனித்தமிழ் நெறியைத் தொடங்கி நூறாண்டைக் கடந்துவிட்டோம். சொல்லாய்வில் பாவாணர் மலைபோல் நிற்கின்றார். பெருஞ்சித்திரனார் சிறுவர்க்கெனத் 'தமிழ்ச்சிட்டு' நடத்தினார். அதன்பின்? சிறுவர்க்கு எழுதுவது நம் அறிஞர் பலர்க்கு மதிப்புக்குறைவான வேலையாகிவிட்டது. வேர்ச்சொல் ஒன்றுக்காக மூன்று திங்கள் சண்டையிடுவோர், பத்து அகவைப் பிள்ளை படித்து மகிழ ஒரு வியப்புக் கதை எழுதச் சொன்னால், "நேரமில்லை" என்கின்றனர். அந்த வெற்றிடத்தில் 1947 முதல் பல பத்தாண்டுகள் 'அம்புலிமாமா' ஆட்சி செய்தது. பெயர் அழகிய தமிழ். உள்ளே விக்கிரமாதித்தனும் வேதாளமும்! அதுவும் இன்று வருவதில்லை. புதுக்கோட்டைப் பக்கத்து அரிமளத்திற் பிறந்த வாண்டுமாமா தனியொருவராக நின்று எத்தனையோ கதைகளைச் சிறுவர்க்கு எழுதிக் குவித்தார், 2014-இல் மறைந்தார். அவர் நடை கலப்புநடை என்று குறை சொல்வோர், அவர் எழுதியதில் நூற்றில் ஒரு பங்காவது தூயநடையில் எழுதிக் காட்டிவிட்டுக் குறை சொல்லட்டும்.

பிள்ளைக்கு எழுதும் தூயதமிழ் முள்வேலியாக இருத்தலாகாது என்பதையும் சொல்லிவிடுகின்றேன். சிறுவனை ஒவ்வொரு வரியிலும் அகரமுதலி தேட வைக்கும் நடை, அவனை அயலான் படக்கதைக்கே துரத்தும் நடை. தங்காளும் பொன்னாச்சியும் கொம்பனும் எல்லாம் பாட்டி வாயில் பிறந்த சொற்கள். அவற்றைவிடத் தூய சொல் எதுவும் நமக்குத் தேவையில்லை.

செய்ய வேண்டியது இது. உடுக்கையடித்து அண்ணன்மார் கதை முழுவதும் பாடத் தெரிந்தவர்கள் மணப்பாறை, கரூர், காங்கேயம் பக்கங்களில் இன்னும் சிலர் இருக்கின்றனர், அகவை முதிர்ந்தவர்கள். அவர்கள் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டனர். ஒவ்வொரு பாடகரும் பாடும் வடிவம் வேறு வேறு. ஒருவர் மறைந்தால் ஒரு வடிவம் மறைகின்றது. வரும் மாசி விழாவின்போது வீரப்பூருக்குச் செல்ல இவ்வட்டாரத் தமிழாசிரியர் மூவர் ஒப்பியிருக்கின்றனர். பாடகரைக் கேட்டுப் பதிவு செய்வது, சாம்புவனையும் பொன்னாச்சியையும் ஒவ்வொருவரும் எவ்வாறு பாடுகின்றனர் என்று தனித்தனியே குறிப்பது, பின்னர் ஆறாம் வகுப்புப் பிள்ளை தானே படிக்கத்தக்க நடையில் படங்களோடு எழுதுவது என்பன திட்டம். பாடுவோர்க்கு உரிய பணம் முன்கூட்டியே கொடுக்க வேண்டும். இலவயமாகப் பாடச்சொல்லிக் கேட்பது இழிவு. படம் வரையும் இளைஞர் ஒருவரேனும் தேவை. கொம்பனை அமெரிக்கக் கரடிபோல் வரையாதவராக இருத்தல் வேண்டும்!

வர விரும்புவோர் தைத் திங்களுக்குள் இதழ் அலுவலகத்திற்கு அஞ்சலட்டை எழுதுக. பதிவு செய்யக் கைப்பேசியே போதும். இரவு முழுவதும் விழித்திருக்க வேண்டியிருக்கும், போர்வை ஒன்று கொண்டு வருக.